குறி தவறாக் குழலைத் தேடிய சேர் சாமுவேல் பேக்கர்

தீவகத்திற் பிறந்து இக்கல்லூரியிற் பயின்ற நம்மவருள் ஊர்காவற்றுறைக் கரையிலே நின்று கடலை நோக்காதார் எவருமிலர். கரம்பனிலும் புங்குடுதீவிலும் நயினாதீவிலும் நெடுந்தீவிலும் வாழ்ந்த நம் முன்னோருக்கு அத்துறை வாணிக வாயிலாய் விளங்கிற்று. ஆயினும் அத்துறைக்கு யானைத்துறை என்னும் பொருள்பட ஒரு பெயரைப் போர்த்துக்கேயர் வழங்கினர் என்பதை நம்முள் நினைவு கூர்வார் சிலரே. வன்னிக் காடுகளிற் பிடிபட்ட யானைகள் ஆழமில்லாக் கடனீரைக் கடந்து குடாநாட்டினுட் புகுந்த இடமே இன்றும் ஆனையிறவு எனப்படுகின்றது. அங்கிருந்து நடத்தி வரப்பட்ட அவ்விலங்குகள் ஊர்காவற்றுறையிலே மரக்கலமேறி இந்தியாவுக்குச் சென்றன. போர்த்துக்கேயருக்கும் அவர்க்குப் பின் வந்த ஒல்லாந்தருக்கும் உயிரோடுள்ள யானை பெருஞ் செல்வமாயிருந்தது.

ஆங்கிலேயர் காலத்தில் அந்நிலை தலைகீழாயிற்று. பயிரை அழிக்கும் பகையென யானை எண்ணப்பட்டது. கொன்றவனுக்குத் தலைக்குச் சில சிலிங் வெகுமதி என அரசாங்கம் விதித்தது. 1848க்கு முற்பட்ட மூன்றாண்டிலுங் குறைந்த காலத்தில், வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மாத்திரம் 3500க்கு மேற்பட்ட யானைகள் கொல்லப்பட்டன என அக்காலக் குடியேற்றநாட்டுச் செயலாளராயிருந்த சேர் ஜேம்ஸ் எமேர்சன் தெனந்து எழுதி வைத்துள்ளார். அந்நாளில் வட மாகாணம் என்பது யாழ்ப்பாணத்தோடு வன்னியும் மன்னாரும் நுவரகலாவியாவும் அடங்கிய பெருநிலப் பரப்பு.

அக்காலத்திலேதான் சாமுவேல் பேக்கர் இலங்கையில் வந்திறங்கினார். நைல் நதியின் பிறப்பிடத்தைத் தேடிச் சென்றவர் எனப் பூமிசாஸ்திர வகுப்பிலே நாம் அவர் பெயரைக் கேட்டிருக்கின்றோம். அவர் தம் வாழ்நாள் முழுவதும் ஆராய்ந்த மற்றொரு பொருளுண்டு. சன்னம் குறித்த இடத்திற் சென்று படுமாறு ஒரு துவக்கின் குழலை எவ்வாறு அமைப்பது என்பதே அது. அவ்வாராய்ச்சிக்கு அவருடைய பெரும் பாடசாலையாய் அமைந்தது நம் இலங்கையே. அதனாலேயே அவர் வரலாற்றை இம்மலரில் எழுதத் துணிந்தோம்.

பேக்கர் 1821ஆம் ஆண்டு ஜூன் மாதம் 8ஆம் நாள் இலண்டன் மாநகரிலே செல்வக் குடியிற் பிறந்தார். தந்தையாருக்கு யமேக்காவிலும் மொரீசியசிலும் கரும்புத் தோட்டங்கள் இருந்தன. இங்கிலாந்திலும் ஜெர்மனியிலும் கல்வி பயின்ற பேக்கர், 1843இல் என்றியற்றா மாட்டின் என்னும் மங்கையை மணந்து, சிறிது காலம் மொரீசியசிலே தந்தையாரின் தோட்டத்தைப் பார்த்து வந்தார். கணக்கேட்டை நோக்கியிருக்கும் வாழ்க்கை அவர் மனத்துக்கு ஒவ்வவில்லை. இளமை தொட்டே துவக்குக் கம்மியரின் பட்டறை அவருக்குப் பிரியமான இடமாயிருந்தது.

அவருடைய தேட்டத்தை உணர்தற்கு அக்காலத் துவக்கின் இயல்பை மாணவர் அறிதல் வேண்டும். அன்று பெரும்பாலான துவக்குகள் உட்புறம் வழுவழுப்பான வெறுங்குழல் உடையன. மருந்தையும் ஈயக் குண்டையும் வாய்வழியே இட்டுக் கோலால் இடித்து இறுக்க வேண்டும். ஓர் இறாத்தல் ஈயத்தில் எத்தனை உருண்டைகள் வார்க்கலாமோ அவ்வெண்ணே குழலின் அளவெனப்பட்டது. ஆகவே பன்னிரண்டாம் இலக்கக் குழலிலும் நான்காம் இலக்கக் குழல் பெரிது. வெறுங்குழலில் விரைந்து இடுதற் பொருட்டு உருண்டை சற்றுச் சிறிதாக வார்க்கப்படும். வெடித்தபோது அது குழலின் சுவரில் இங்குமங்கும் மோதிச் செல்லும். இறுதியாக எப்பக்கத்தில் மோதியதோ அதற்கேற்ப வெளியேறும் திசையும் வேறுபடும். நாற்பது ஐம்பது யார் தூரத்துக்கு அப்பால் அதன் போக்கை நம்புதல் அரிது.

புரிக்குழலின் தன்மை வேறு. குழலின் உட்சுவரிலே திருகாணியின் புரி போலச் சுற்றிச் செல்லும் பள்ளங்கள் வெட்டப்பட்டிருக்கும். சன்னம் அவற்றிற் பொருந்திச் சுழன்று கொண்டே வெளியேறும். சுழலும் பம்பரம் சாயாது நிற்பது போல, சுழலும் சன்னமும் தன் நெறியிற் பிறழாது செல்லும். இதுவே றைபிள் எனப்படுவது. ஆயின் புரிக்குழலிலே சிறு ரவைகளை இட்டாற் சுழற்சியினால் அவை வட்டமாகச் சிதறிப் பயனற்றுப் போம். ஆகவே பறவைக்கு வெறுங்குழலும் பெருவிலங்குக்குப் புரிக்குழலும் என இருவேறு கருவிகள் வேண்டியிருந்தன. இவ்விரண்டையும் ஒன்றாக்குதல் எங்ஙனம் என்பது அந்நூற்றாண்டுக் கம்மியர் பலரையும் மயக்கிய வினா.

1840ஆம் ஆண்டில், பத்தொன்பது வயதிளைஞராயிருந்த பேக்கர், பிறிஸ்ரல் நகரத்துக் கிப்ஸ் என்னும் கம்மியரைக் கொண்டு தாம் வகுத்த முறைப்படி ஒரு றைபிளைச் செய்வித்தார். ஒற்றைக் குழல், அதன் நீளம் 36 அங்குலம், துவக்கின் நிறை 21 இறாத்தல். குழலினுள் ஆழமான இரு புரிகள் ஒரு முழுச் சுற்றுச் சுற்றின. அப்புரிகளிற் பொருந்துமாறு அரைஞாண் போன்ற பட்டியுடன் வார்த்த உருண்டை 3 அவுன்சு; கூர்ங்குண்டாயின் 4 அவுன்சு. ஒருமுறை சுடுதற்கு இட்ட மருந்து 16 திராம், அதாவது ஓர் அவுன்சு. அக்காலத்தார் இரண்டு மூன்று திராம் மருந்தோடு அமைந்தனராதலின், அது பித்தரின் செய்கை எனப் பலர் எண்ணியிருத்தல் கூடும். பேக்கரோ, கனத்த சன்னமும் மிகுந்த மருந்தும் ஆழ்ந்த புரியும் ஒருங்கு சேர்ந்தாலன்றிப் பெருவிலங்கு ஓரடியில் வீழாது என உறுதி கொண்டிருந்தார்.

1840களின் நடுவில் இத்துவக்கோடு அவர் இலங்கையை அடைந்தபோது, இங்குள்ள வேட்டைக்காரர் வெறுங்குழலையே போற்றினர். யானையை அணித்தாக நெருங்கிச் சுடுதலே இந்நாட்டு வழக்கம் ஆதலின், புரிக்குழல் வேண்டுவதில்லை என்பது அவர்தம் வாதம். மேசர் றொஜேர்ஸ் என்னும் இராணுவ உத்தியோகத்தர் 1400க்கு மேற்பட்ட யானைகளைக் கொன்றார் எனவும், 1845இல் அப்புத்தளையிலே மின்னல் தாக்கி இறந்தார் எனவும் வழங்கும் செய்தி அக்காலத்து மனப்பான்மையைக் காட்டும். எண்ணிக்கையே வீரத்தின் அளவுகோலாயிருந்தது. எத்தனை விலங்குகள் புண்பட்டுக் காட்டினுள் ஓடி நாட்கணக்கில் வருந்தி மாண்டன என்பதை எண்ணுவாரில்லை.

பேக்கருக்கும் முதற்பாடம் தோல்வியாகவே வந்தது. மின்னேரியாக் குளக்கரையிலே அவரும் அவர்தம் சகோதரரும் காட்டெருமைகளைத் தொடர்ந்தனர். சன்னங்கள் பட்டும் ஓர் எருமைக் கடா வீழவில்லை. பையிலிருந்த குண்டுகள் யாவும் தீர்ந்தன. வெட்ட வெளியிலே, ஏறுதற்கு மரமுமின்றி, சினந்த கடாவின் எதிரே பேக்கர் நின்றார். சட்டையில் ஒரு துண்டைக் கிழித்து, தம்மிடமிருந்த மூன்று சிலிங் பெறுமதியான சிறு வெள்ளி நாணயங்களை அதிற் சுற்றி, குழலினுள் இடித்து இறுக்கினார். கடா பாய்ந்து வந்து துவக்கின் வாயை அணுகிய கணத்தில் வெடி தீர்ந்தது. நாணயங்கள் அதன் தலையைத் தாக்க, அது நிலைகுலைந்து வீழ்ந்தது. அது மயக்கந் தெளிந்து எழுமுன் சகோதரர் இருவரும் ஓடிப் பிழைத்தனர்.

இந்நிகழ்ச்சியை நகைச்சுவையாகச் சொல்லி மகிழ்வாருண்டு. நாம் அதில் வேறொன்றைக் காண்கின்றோம். விலங்குக்கு ஏற்ற கருவியின்றிச் சுடுபவன் அதற்கு மரணத்தையன்று, வேதனையையே கொடுக்கின்றான். தன் உயிரையும் துணைவன் உயிரையும் பணயம் வைக்கின்றான். பேக்கர் அதன் பின்னர் இலகுவான துவக்கை நம்பிப் பெருவிலங்கின் முன் சென்றிலர். பத்தாம் இலக்க இரட்டைக்குழல் றைபிள்கள் நான்கு அவர் கைக்கு வந்தன. மணிலாகத் தீரும் ஒற்றைத் துவக்கை நம்பாது, சுட்டவுடன் அடுத்ததைக் கையிற் பெறுவதற்கு இந்நாட்டு ஏவலர் பின்னின்றனர். யானை பாய்ந்து வருகையில் ஓடாது நின்று துவக்கை நீட்டிய அம்மனிதர் இல்லையேல் பேக்கரின் புகழுமில்லை. அவர்தம் பெயர்கள் பெரும்பாலும் மறைந்தன.

இலங்கை யானையின் நெற்றியிலே குறித்த இடத்திற் பட்ட சன்னம் மூளையை அடையும் என்பதை அவர் இங்கு கற்றார். பின்னாளில் ஆபிரிக்காவிலே அப்பாடம் பொய்த்தது. ஆபிரிக்க யானையின் தலையெலும்பும் தந்தத்தின் அடியும் வேறு வகையாய் அமைந்திருத்தலின், அதே குறி அங்கு பயன்படவில்லை. துவக்கின் அமைப்பை மாத்திரமன்றி விலங்கின் உடலமைப்பையும் அறிதல் வேண்டும் என்பதை அவர் அதன் பின் வற்புறுத்தி எழுதினார்.

இலங்கையில் அவர் வேட்டையாடி மாத்திரம் திரியவில்லை. காய்ச்சலினால் நலிந்து, இளைப்பாறச் சென்ற நுவரெலியாவின் குளிர்ச்சியிலே மனம் பறிகொடுத்தார். 1848இல் இங்கிலாந்திலிருந்து குடும்பத்தையும் தொழிலாளரையும் ஆடுமாடுகளையும் கப்பலேற்றி வந்து, அம்மலைநாட்டிலே ஓர் ஆங்கிலக் கிராமத்தை நாட்ட முயன்றார். மண் எதிர்பார்த்த பயனைக் கொடுக்கவில்லை. நோயும் நட்டமும் தொடர்ந்தன. 1855இல் இலங்கையை விட்டு நீங்கினார். அவ்வாண்டு முடிவதற்குள் மனைவியார் பிரான்சு தேசத்திலே நச்சுக் காய்ச்சலால் இறக்க, நான்கு பெண் குழந்தைகளுடன் தனித்தார். இலங்கை வாழ்க்கையைப் பற்றி அவர் எழுதிய இரு நூல்கள் ஆங்கில நாட்டில் அவருக்குப் பெயரைத் தேடித் தந்தன.

பின்னர் அவர் வாழ்வு வேறு திசையிற் சென்றது. 1859இல் தன்யூப் நதிக்கரையிலுள்ள விடின் நகரத்து அடிமைச் சந்தையிலிருந்து மீட்கப்பெற்ற புளோரன்சு என்னும் அங்கேரிய இளம்பெண் அவருடைய வாழ்க்கைத் துணைவியானார். அவ்விருவரும் 1861இல் நைல் நதியின் மூலத்தைத் தேடிப் புறப்பட்டு, பசியையும் நோயையும் பொறுத்து, 1864ஆம் ஆண்டு மார்ச் மாதம் 14ஆம் நாள் ஒரு பேரேரியைக் கண்டு அதற்கு அல்பேட் எனப் பெயரிட்டனர். அதன் கரையில் வாழ்ந்த மக்கள் அதனைத் தலைமுறை தலைமுறையாக அறிந்திருந்தனர் என்பதை நாம் மறத்தலாகாது. 1866இல் பேக்கருக்கு சேர் பட்டம் கிடைத்தது.

அப்பிரயாணத்தில் அவர் கொண்டு சென்ற துவக்குகளுள் ஒன்று அரை இறாத்தல் வெடிகுண்டை எறிவது. குழந்தை என அவர் விளையாட்டாகப் பெயரிட்ட அத்துவக்கைப் பீரங்கியின் பிள்ளை என அராபியர் அழைத்தனர். சுட்டவரையே காற்றாடி போலச் சுழற்றிவிடும் அதன் உதைக்கு அஞ்சி, அவரும் அதனை அரிதாகவே எடுத்தார். ஆற்றலைப் பெருக்கிக் கொண்டே செல்வதற்கும் ஓர் எல்லையுண்டு என்பதை அது அவருக்கு உணர்த்தியிருக்கும் என எண்ணுகின்றோம்.

1869 முதல் 1873 வரை எகிப்திய அரசர் இசுமாயிலின் ஆணைப்படி, மேல் நைல் நாட்டிலே அடிமை வாணிகத்தை ஒழிக்கும் பணியை ஏற்றார். புளோரன்சு அம்மையாரும் உடன் சென்றார். சினைடர் றைபிள் தாங்கிய மெய்காப்புப் படையொன்று அவரைச் சூழ்ந்திருந்தது. அடிமைகள் பலர் விடுதலை பெற்றனர். அதே வேளையில் ஊர்கள் எரிந்தன, அந்நாட்டு மக்களும் மாண்டனர். அடிமை வாணிகமும் அத்தோடு அற்றுப் போகவில்லை. விலங்கை நோக்கிய குழல் மனிதரை நோக்கித் திரும்பிய அவ்வாண்டுகளைப் பற்றி வரலாற்றாசிரியர் இன்னும் ஒருமித்த முடிவு கூறிற்றிலர்.

முதுமையிலே டெவன் நாட்டிலுள்ள தம் இல்லத்தில் அமர்ந்து, அரை நூற்றாண்டுத் துவக்கு வரலாற்றைப் பேக்கர் திரும்பி நோக்கினார். 1890இல் வெளிவந்த அவருடைய விலங்கு நூலின் முதற்பகுதி அதுவே. அவர் இளமையில் வாய்வழி மருந்திட்ட துவக்கிலே குழலின் அடி மூடப்பட்டிருந்தது.  1851ஆம் ஆண்டு இலண்டன் மாநகரப் பெருங்கண்காட்சியிலே பிரெஞ்சுக் கம்மியர் லெபோசே என்பாரின் மடிப்புத் துவக்கு வைக்கப்பட்டது. அதனை ஒட்டி எழுந்த துவக்குகளிற் குழல்கள் கீலொன்றில் மடிந்தன. பின்புறமாகத் தோட்டாவை இட்டனர். கழற்றக் கூடிய குழலாயின் மாற்றவும் கூடுமன்றோ? ஒரே கட்டையில் ஏற்றத்தக்க இருசோடிக் குழல்களைக் கம்மியர் செய்து கொடுத்தனர். காலையிலே வெறுங்குழலைப் பூட்டிப் பறவையைச் சுடலாம். மாலையிலே புரிக்குழலைப் பூட்டி மானைத் தேடலாம்.

எனினும் குழல் மாற்றுதல் சட்டை மாற்றுதல் போன்றதன்று. ஒவ்வொரு குழலும் தனக்கெனச் சுடுபோக்கு உடையது. நீளமும் நிறையும் மாறினால் உதையும் அதிர்வும் மாறும். குறி பார்க்கும் முளை ஒன்றில் நேராயிருந்தும் மற்றொன்றிற் கோணலாயிருத்தல் கூடும். இரட்டைக் குழலாயின் வலக்குழலும் இடக்குழலும் ஓரிடத்திலே சன்னத்தைச் சேர்க்குமாறு கம்மியர் சுட்டுப் பார்த்து இணைத்தல் வேண்டும். தோட்டாவின் மருந்தளவோ சன்னத்தின் நிறையோ மாறினும் அவ்விணக்கம் குலையும். ஆதலின் குழலை மாற்றியவன் காட்டுக்குச் செல்லுமுன், அன்று கொண்டு செல்லும் தோட்டாவையே இட்டு, அறிந்த தூரத்தில் நிறுத்திய கடதாசியிலே சுட்டுப் பார்த்தல் வேண்டும். கடதாசி வலியறியாது, மான் அறியும்.

பேக்கர் மிகவும் வியந்து பாராட்டிய புதுமை, குழலை மாற்றும் தேவையையே ஒழித்த ஒரு துவக்கு. இந்தியாவின் வடமேற்கு எல்லையிலே 1863இல் காட்டிய வீரத்துக்காக விக்ரோறியாச் சிலுவை பெற்ற கேணல் பொஸ்பெரி என்பவர் 1885இல் அதற்கு உரிமைப் பத்திரம் பெற்றார். ஒலண்ட் அன்ட் ஒலண்ட் கொம்பனியார் அதனைச் செய்தனர். முரண்மொழி என்னும் பொருள்பட அதற்குப் பரடொக்ஸ் எனப் பெயரிட்டனர். குழலின் பெரும் பகுதி வழுவழுப்பானது; வாயின் அருகே ஒன்றரை அங்குல அளவிலேயே ஆழ்ந்த புரி வெட்டப்பட்டிருந்தது. சிறு ரவைகளை அக்குறும்புரி பெரிதுஞ் சிதறச் செய்யவில்லை. கனத்த சன்னத்துக்கோ வேண்டிய சுழற்சியைக் கொடுத்தது. நூறு யார் தூரம் வரை அது நம்பத்தக்கதெனப் பேக்கர் கண்டார். பத்தொன்பது வயதிலே 21 இறாத்தல் இரும்பைச் சுமந்து தேடிய உறுதியை, எழுபதை அணுகிய வயதிலே எட்டிறாத்தலளவான துவக்கில் அவர் கண்டார்.

அவர் காலத்துக்குப் பின்னும் அத்தேட்டம் நிற்கவில்லை. 1898இல் ஜெர்மானியரான பிறெனக்கே என்பவர் வெறுங்குழலுக்கெனவே ஒரு சன்னம் அமைத்தார். அதன் முன்புறம் கனமான ஈயம்; பின்புறம் இலகுவான அடைப்பு. இறகு கட்டிய அம்பு போல முகம் முன்னாகவே அது செல்லும். 1931இல் அமெரிக்கரான பொஸ்ரர் உட்குடைந்த சன்னத்தை ஆக்கினார். இந்நாளிற் சில நிமிடங்களிற் கழற்றிப் பூட்டத்தக்க முழுப்புரிக் குழல்கள் பலவகைச் சொட்கன்களுக்கும் கிடைக்கின்றன. ஆயினும் சுட்டுப் பார்த்தபின் செல் என்னும் பழைய விதியை எந்தப் புதுமையும் நீக்கிவிடவில்லை.

சேர் சாமுவேல் பேக்கர் 1893ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 30ஆம் நாள் தம் இல்லத்தில் உயிர் நீத்தார்.

அன்னாரை நாம் எவ்வாறு மதிப்பிடுவது? கொல்லாமையை அறமெனப் போற்றும் சைவ மரபிலே வளர்ந்த நாம் அவருடைய வேட்டைப் புகழை அப்படியே ஏற்றல் இயலாது. அதே வேளையில் ஒரு நியாயத்தையும் மறுத்தலாகாது. சுடுவதாயின் பிழையறச் சுடுக, கருவியை அறிந்த பின் தொடுக என்னும் ஒழுக்கம், எண்ணிக்கைக்காகச் சுட்டுத் தள்ளியவரின் ஒழுக்கத்திலும் மேலானது. வன்னியிலே வயல் காத்த நம் முன்னோரும் குறி தவறிய வெடியால் நொந்த பன்றியைத் தேடி இருளிற் செல்வதன் அபாயத்தை நன்குணர்ந்தவரே.

ஆயினும் குழல் எத்துணைத் திருந்தினும் ஒரு வினாவுக்கு அதனால் விடை கூற முடியவில்லை. சன்னம் எங்கே படும் என்பதைப் புரி நிச்சயிக்கும். அது புறப்படத்தான் வேண்டுமா என்பதைச் சுடுபவன் நெஞ்சமே நிச்சயிக்கும். கருவி திருந்தத் திருந்த இலங்கைக் காடுகள் வெறுமையாயின. யானையைக் கண்டபடி கொல்வதைத் தடுக்கும் சட்டம் 1891இலும், வனவிலங்குகளையும் தாவரங்களையும் காக்கும் விரிந்த சட்டம் 1937இலும் வந்தன. 2011ஆம் ஆண்டிலே நாடு முழுவதும் எடுத்த கணக்கெடுப்பில் 5879 யானைகள் எண்ணப்பட்டன. வடக்கின் ஒரு பகுதியிலே மூன்றாண்டுக்குள் மாண்ட 3500உடன் இத்தொகையை ஒப்பிட்டு நோக்குவார்க்கு நாம் வேறு சொல்ல வேண்டுவதில்லை.

நயினாதீவின் அருகே கடலிலே பாம்பு சுற்றிய கல்லும் கருடன் கல்லும் உள. அம்பிகைக்குப் பூக்கொண்டு சென்ற நாகத்தைக் கருடன் வழிமறித்தது என்றும், அவ்வழியே மரக்கலத்தில் வந்த வணிகன் இரங்கி, வேட்டையாடும் உயிருக்கும் வேட்டையாடப்படும் உயிருக்கும் இடையே நின்று அதனை மீட்டான் என்றும் நம் பாட்டிமார் சொல்லக் கேட்டு வளர்ந்தோம். அவ்வணிகனிடம் ஆயுதமில்லை. பேக்கர் தம் வாழ்நாளைக் கொடுத்துக் கற்ற குழலின் நுட்பத்தை நம் மாணவர் விஞ்ஞானமெனக் கற்பாராக. இடையே நிற்கும் துணிவை அக்கதையிலிருந்து கற்பாராக. யானைகள் கப்பலேறிய துறையிலிருந்து கல்லூரிக்கு வந்த நமக்கு இவ்விரு கல்வியும் உரியன.